உதைபந்தாட்ட லீக்கின் தந்தை வில்லியம் மக்கிறெகர்

உதைபந்தாட்டத்திற் சிறந்து விளங்கியோரின் பெயர்கள் எம் மாணவர் நாவில் எந்நேரமும் தவழ்கின்றன. எவர் எத்தனை கோல் போட்டார், எக்கழகம் எக்கிண்ணத்தைக் கைக்கொண்டது என்பவற்றைச் சிறுவரும் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயின், இன்ன நாளில் இன்ன கழகம் இன்ன மைதானத்தில் ஆடவேண்டுமெனப் பருவத் தொடக்கத்திலேயே நியதி வகுத்து, வென்றோர்க்குப் புள்ளி வழங்கி, பருவ முடிவில் யாவரையும் நிரற்படுத்தும் லீக் முறையை உலகுக்கு அளித்தவர் யார் என வினவினால், விடை கூற வல்லார் மிகச் சிலரே. அவர் ஆட்டத்தாற் புகழ் பெற்றவர் அல்லர். பெருநிலக் கிழாரும் அல்லர். பேர்மிங்காம் நகரிற் புடைவைக்கடை நடத்திய ஒரு வணிகர். வில்லியம் மக்கிறெகர் என்பது அவர் பெயர். பந்தைக் காலால் உதையாமலே உதைபந்தாட்டத்தின் போக்கை மாற்றிய அப்பெரியாரின் வரலாறு, விளையாட்டை நேசிப்போர் யாவரும் அறிதற்குரியது.

பிறப்பும் இளமையும்

ஸ்கொத்லாந்து தேசத்திலே பேர்த்சயர் பகுதியிலுள்ள பிறேக்கோ என்னும் சிற்றூரில் 1846ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 13ஆம் திகதி மக்கிறெகர் பிறந்தார். அவ்வூருக்கு அண்மையில் மாளிகை ஒன்று கட்ட வந்திருந்த கற்றச்சர்கள், வேலை ஓய்ந்த நேரங்களில் ஊராருடன் பந்துதைத்து விளையாடுவர். அதனைப் பார்த்து நின்ற சிறுவனின் உள்ளத்தில் அவ்விளையாட்டு அன்றே இடம்பிடித்துக்கொண்டது. அக்காலத்தில் அதற்கு ஒருமித்த விதிகள் இல்லை. ஊருக்கொரு முறை, பாடசாலைக்கொரு முறை என்றே ஆட்டம் நடைபெற்றது.

வயது வந்ததும் பேர்த் நகரிற் புடைவை வியாபாரி ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர், 1870ஆம் ஆண்டில், தமையனார் பீற்றர் முன்னரே சென்று குடியேறியிருந்த பேர்மிங்காம் நகரை அடைந்தார். இரும்புத் தொழிலும் இயந்திரத் தொழிலும் ஓங்கி, தொழிலாளர் கூட்டம் பெருகிவந்த நகரம் அது. அங்கே சமர் லேன் என்னும் வீதியில் அவருடைய கடை அமைந்தது. நேர்மையான வாணிகமும் இன்சொல்லும் அவருக்கு விரைவில் நன்மதிப்பைத் தேடித் தந்தன. மதுவை அறவே ஒழித்தவர்; கொங்கிறிகேசனல் சபையைச் சேர்ந்தவர்; அரசியலில் லிபரல் கட்சியின் பக்கம் நின்றவர். அடர்ந்த வெண்டாடியும் பருத்த உடலும் சாந்தம் தவழும் முகமுமாக அவர் கூட்டங்களில் அமர்ந்திருக்கும் தோற்றத்தைப் பழைய நிழற்படங்களில் இன்றுங் காணலாம்.

அஸ்ரன் வில்லாக் கழகம்

பேர்மிங்காமின் அஸ்ரன் பகுதியிலே வில்லா குறொஸ் வெஸ்லியன் ஆலயத்தைச் சார்ந்த இளைஞர் சிலர் கோடையிற் கிறிக்கெற் ஆடிவந்தனர். குளிர்காலத்தில் வாளாவிருக்க விரும்பாது, 1874ஆம் ஆண்டில் அவர்கள் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினர். அதுவே அஸ்ரன் வில்லா. அவர்களுடைய முதலாவது போட்டி விந்தையானது. எதிரணியினர் றகர் ஆடுவோர். ஆகவே முற்பாதி றகர் முறைப்படியும், பிற்பாதி உதைபந்தாட்ட முறைப்படியும் ஆடுவதென இரு சாராரும் உடன்பட்டனர். வில்லா ஒரு கோலினால் வென்றது. அக்காலத்தில் ஆட்டங்கள் எவ்வளவு ஒழுங்கின்றி நடைபெற்றன என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

தம் நாட்டவரான ஸ்கொத்லாந்தினர் சிலர் அக்கழகத்தில் ஆடியமையும், பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் அவர்களின் நயமான ஆட்டமும், கழகத்துக்கும் ஆலயத்துக்கும் இருந்த தொடர்பும் மக்கிறெகரைக் கவர்ந்தன. 1877ஆம் ஆண்டில் அவர் கழகத்தின் செயற்குழுவிற் சேர்ந்தார். மைதானத்தில் இறங்கி ஆடும் திறன் அவருக்கு வாய்த்திலது. எனினும் மத்தியஸ்தராக நின்றார், கணக்குகளைக் கவனித்தார், கழகத்திற்குப் பணமுடை நேர்ந்தபோதெல்லாம் துணைநின்றார். அவரது புடைவைக்கடையே உதைபந்தாட்ட அன்பர்கள் கூடிப் பேசும் மண்டபமாயிற்று. துணி வாங்க வருவோர் ஒருபுறமும் பந்தாட்டக் கதை பேச வருவோர் மறுபுறமுமாக அக்கடை விளங்கியது.

கழகமும் வளர்ந்தது. 1880ஆம் ஆண்டிற் பேர்மிங்காம் கிண்ணத்தைப் பெற்ற வில்லா, 1887ஆம் ஆண்டில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் வெஸ்ட் புறொம்விச் அல்பியன் அணியை 2–0 என்ற கணக்கில் வென்றது. இங்கிலாந்தின் நடுநாட்டுப் பகுதிக்கு அக்கிண்ணம் சென்றது அதுவே முதன்முறை. வேறொருவராயின் இவ்வெற்றியோடு மனநிறைவு எய்தியிருப்பர். மக்கிறெகரோ, வெற்றி பெற்ற கழகமும் எவ்வளவு நிலையற்ற அடித்தளத்தில் நிற்கின்றது என்பதை அறிந்திருந்தார்.

ஆட்டம் உண்டு, ஒழுங்கு இல்லை

அந்நாளைய நிலையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, விதிகளை ஒருமுகப்படுத்திற்று. 1871ஆம் ஆண்டிற் கிண்ணப் போட்டியும் தொடங்கிற்று. ஆனாற் கிண்ணப் போட்டியில் ஒருமுறை தோற்ற அணி அத்துடன் வெளியேறவேண்டியதே. முதற் சுற்றிலே தோற்றால் அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களெல்லாம் வெறுமை. அதனை நிரப்புதற்குக் கழகங்கள் தம்முள் நட்புமுறை ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டன. இவ்வாட்டங்களை உறுதியாக நம்புதற்கில்லை. கிண்ணப் போட்டியொன்று இடையிற் குறுக்கிட்டால், முன் உடன்பட்ட நட்பாட்டத்தைக் கைவிட்டுவிடுவர். இதனிலும் வருவாய் மிக்க அழைப்பொன்று வேறிடத்திலிருந்து வந்தாலும் அவ்வாறே செய்வர். சிலபோது எதிரணி காலந்தாழ்த்தி வரும். சிலபோது சிறந்த ஆட்டக்காரரை விடுத்து, கிடைத்தவரைக் கூட்டிக்கொண்டு வரும். பலங் குன்றிய அணியோடு பலமிக்க அணி மோதுவதால் ஆட்டம் சுவையற்றுப் போவதும் உண்டு. 1887ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சங்கக் கிண்ணப் போட்டியிலே பிறெஸ்ரன் நோத் என்ட் அணி ஹைட் அணியை 26–0 என்ற கணக்கில் வென்றதை இங்கு நினைவுகூரலாம்.

ஆலைகள் சனிக்கிழமை பிற்பகலில் மூடப்பட்டமையால் தொழிலாளருக்கு ஓய்வு கிடைத்தது. வாரமெல்லாம் உழைத்தவன் தன் சொற்ப கூலியிற் சில காசுகளை வாயிலிற் கொடுத்து மைதானத்துள் நுழைகின்றான். அங்கே குறித்த அணி வரவில்லை என்றால், அல்லது ஆட்டம் கேலிக்கூத்தாய் முடிந்தால், அடுத்த சனிக்கிழமை அவன் வருவானா? வாராதொழிந்தாற் கழகத்துக்கு வருவாய் ஏது?

இவ்வினா 1885இன் பின்னர் மேலும் கூர்மையடைந்தது. அதுவரை ஆட்டக்காரருக்கு ஊதியங் கொடுப்பது விதிக்கு மாறானது. வடநாட்டுக் கழகங்கள் பல மறைவாகக் கொடுத்தே வந்தன. பிறெஸ்ரன் கழகத்தை நடத்திய வில்லியம் சடெல் என்பவர், தம் கழகம் பணங் கொடுப்பதை 1884இல் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அதனால் அவரது அணி அவ்வாண்டுக் கிண்ணப் போட்டியினின்றும் விலக்கப்பட்டது. நெடுவாதத்தின் பின்னர், 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் சங்கம் இணங்கி ஊதிய முறையை ஏற்றது. இனி வாரந்தவறாமற் சம்பளங் கொடுக்கவேண்டும். வருவாயோ காற்றும் மழையும் எதிரணியின் மனமுமாகச் சேர்ந்து தீர்மானிப்பது. செலவு நிச்சயம், வரவு நிச்சயமின்மை என்னும் நிலையில் எந்த வணிகம் நிலைக்கும்? புடைவைக்கடைக் கணக்கேட்டை நாள்தோறும் பார்த்துவந்த மக்கிறெகருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு கடிதம்

கிறிக்கெற்றிலே மாகாண அணிகள் ஆண்டுதோறும் ஒன்றோடொன்று முறையாக ஆடும் வழக்கம் அப்போதே வேரூன்றியிருந்தது. உதைபந்தாட்டத்திலும் அத்தகைய நியதி ஒன்று அமையுமாயின் கழகங்கள் பிழைக்கும் என மக்கிறெகர் எண்ணினார். 1888ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி, பிளாக்பேண் றோவேர்ஸ், பொல்ரன் வொண்டரேர்ஸ், பிறெஸ்ரன் நோத் என்ட், வெஸ்ட் புறொம்விச் அல்பியன் என்னும் கழகங்களுக்கும், தம் சொந்தக் கழகத்தின் செயலாளருக்கும் அவர் ஒரு கடிதம் வரைந்தார். முன்னணிக் கழகங்கள் பத்தோ பன்னிரண்டோ ஒன்றுகூடி, ஆண்டுதோறும் தத்தம் மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையுமாக ஆடுவதற்கு உடன்படவேண்டும் என்பதே அதன் சாரம். நட்பாட்டங்களைக் கைவிடுவதால் விளையும் கேடுகளையும் அதில் எடுத்துரைத்தார். தாமே யாவற்றையும் தீர்மானித்துவிடாது, சேரத்தக்க வேறு கழகங்களின் பெயர்களைக் கூறுமாறும் வேண்டினார். பணிவும் துணிவும் ஒருங்கே அமைந்த கடிதம் அது.

மார்ச் மாதம் 23ஆம் திகதி இலண்டன் பிளீற் வீதியிலுள்ள அன்டேட்டன் விடுதியில் முதற் கூட்டம் கூடிற்று. மறுநாட் கிண்ண இறுதிப் போட்டி நடைபெறவிருந்தமையால் கழகத்தார் பலர் அந்நகருக்கு வந்திருந்தனர். கூட்டம் இலண்டனிற் கூடியபோதிலும் தென்னாட்டுக் கழகம் எதுவும் அதிற் பங்குபற்றவில்லை. ஊதியம் பெற்று ஆடுவதை அவர்கள் அப்போது விரும்பவில்லை. ஆகவே ஏப்பிரில் மாதம் 17ஆம் திகதி மன்செஸ்ரர் நகரின் றோயல் விடுதியில் மீண்டுங் கூடி அமைப்பை நிறுவினர். லீக் என்னும் பெயரை மக்கிறெகர் விரும்பவில்லை. அயர்லாந்தின் நிலச் சீர்திருத்தக் கிளர்ச்சியை நடத்திய இயக்கம் அதே சொல்லைத் தாங்கியிருந்ததால், அரசியற் சாயல் படியுமென அஞ்சினார். ஆயினும் சபையோர் சடெல் முன்மொழிந்த அப்பெயரையே ஏற்றனர். தமது கருத்து நிலைபெற்றது போதும், பெயர் யாதாயினும் ஆகுக என மக்கிறெகர் அதற்கு இசைந்தார். முதற் தலைவராக அவரையே தெரிவுசெய்தனர்.

பன்னிரு கழகங்கள்

ஆட்டத்துக்கெனக் கிடைத்த நாட்கள் இருபத்திரண்டே. ஆதலாற் பன்னிரண்டு கழகங்களையே சேர்க்க இயன்றது. லங்கசயர் பகுதியினின்றும் அக்றிங்ரன், பிளாக்பேண் றோவேர்ஸ், பொல்ரன் வொண்டரேர்ஸ், பேண்லி, எவேட்டன், பிறெஸ்ரன் நோத் என்ட் ஆகிய ஆறும், நடுநாட்டினின்றும் அஸ்ரன் வில்லா, டாபி கவுண்டி, நொட்ஸ் கவுண்டி, ஸ்ரோக், வெஸ்ட் புறொம்விச் அல்பியன், வுல்வேர்ஹம்ரன் வொண்டரேர்ஸ் ஆகிய ஆறும் சேர்ந்தன. ஒவ்வொரு கழகமும் முழுப் பலத்துடன் வந்து ஆடவேண்டும் என்பது விதி. கடைசி நான்கிடங்களைப் பெறும் கழகங்கள் பருவ முடிவில் விலகி நின்று, மீண்டும் தெரிவுசெய்யப்படுதற்கு வேண்டுகோள் விடுக்கவேண்டும் என்பதும் விதி. இதனாற் பின்தங்கிய அணியும் இறுதிவரை முயன்றே ஆகவேண்டியிருந்தது.

1888ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆம் திகதி முதல் ஆட்டங்கள் ஐந்து நடைபெற்றன. லீக்கின் முதலாவது கோல் வில்லாக் கழகத்தின் காவலாளர் ஒருவர் தம் சொந்தக் கோலுக்குள்ளேயே தவறுதலாய் அடித்தது என நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. ஆட்டங்கள் தொடங்கிய நேரங்களைப் பின்னர் ஆராய்ந்தோர், அப்பெருமை பொல்ரன் அணியின் கெனி டவென்போட்டுக்கே உரியது எனக் கண்டனர். தந்தையின் கழகம் தவறி அடித்த கோலுடன் லீக் பிறந்தது என்னும் வேடிக்கைக் கதை இவ்வாறு மறைந்தது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஆட்டங்கள் தொடங்கியபோது நிரற்படுத்தும் முறை இன்னதெனத் தீர்மானிக்கப்படவில்லை. வெற்றிக்கு 2 புள்ளி, வெற்றி தோல்வியின்றி முடிந்தால் இரு சாராருக்கும் ஒவ்வொரு புள்ளி என்னும் வழக்கு, பருவத்தின் நடுவே நவம்பர் மாதத்திலேயே உறுதியாயிற்று. இம்முறை இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டில் வெற்றிக்கு 3 புள்ளி என மாற்றப்படும்வரை நிலைத்தது.

முதற் பருவத்திற் பிறெஸ்ரன் நோத் என்ட் 22 ஆட்டங்களில் 18இல் வென்று, 4இல் சமமாக ஆடி, ஒரு தோல்வியேனும் இன்றி 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. அதே ஆண்டிற் சங்கக் கிண்ணத்தையும் வென்றது. வில்லா 29 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. தாம் வகுத்த பந்தயத்திலே தம் கழகம் பதினொரு புள்ளி பின்தங்கி நின்றமை பற்றி மக்கிறெகர் வருந்தியதாக எவரும் கூறிலர். வில்லாவின் காலம் சற்றுப் பிந்தி வந்தது. 1894 முதல் 1900 வரையான ஆண்டுகளில் ஐந்து தடவையும், பின்னர் 1910இல் ஒரு தடவையும் லீக்கில் அது முதலிடம் பெற்றது; 1897இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது.

வளர்ச்சியும் குறையும்

லீக் முறையின் பயனைக் கண்டோர் அதனைப் பின்பற்றினர். 1890ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலும் அயர்லாந்திலும் லீக்குகள் தோன்றின. 1892இல் இங்கிலாந்து லீக் இரண்டாம் பிரிவையும் உடையதாயிற்று. மேற்பிரிவிற் பின்தங்கியோர் கீழிறங்குதலும் கீழ்ப்பிரிவில் முந்தியோர் மேலேறுதலும் படிப்படியாக வழக்கில் வந்தன. புகைவண்டி செல்லும் நகரங்களிலெல்லாம் சனிக்கிழமை ஆட்டம் உறுதியான நிகழ்ச்சியாயிற்று.

இவற்றோடு சில குறைகளும் புகுந்தன என்பதை மறைத்தல் முறையன்று. பெருநகரக் கழகங்களின் செல்வத்துக்குச் சிற்றூர்க் கழகங்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. பன்னிரு கழகங்களுள் ஒன்றான அக்றிங்ரன் 1893இல் லீக்கினின்றும் விலகிச் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆட்டக்காரன் ஒருவனை அவனது கழகம் விடுவித்தாலன்றி வேறெங்கும் அவன் செல்ல இயலாது என்னும் கட்டுப்பாடு வலுப்பெற்றது. நீதிமன்றம் அதனை நேர்மையற்றதெனக் கூறியது 1963ஆம் ஆண்டிலேயே. 1905இல் ஆட்டக்காரர் ஒருவரைப் பெறுதற்கு ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்கு ஆயிரம் பவுண் கொடுத்தபோது நாடே திகைத்தது. மக்கிறெகர் இவற்றையும் கண்டார். லீக் தன் எல்லையை மீறி ஆட்டம் முழுவதையும் ஆளமுயலுதல் கூடாது, விதி வகுக்கும் உரிமை சங்கத்துக்கே உரியது என்பது அவரது உறுதியான கொள்கை. தாம் படைத்த அமைப்புக்கே வரம்பு கட்ட விரும்பிய தலைவர் உலகில் அரியர்.

இறுதிநாள்

தலைமைப் பதவியினின்றும் நீங்கிய பின்னரும் அவர் ஆலோசனை கூறுவதை நிறுத்தவில்லை. 1895இல் லீக்கின் முதலாவது ஆயுட்கால உறுப்பினர் என்னும் சிறப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. கழகங்களுக்கிடையே பிணக்கு நேர்ந்தால் இரு சாராரும் அவரை நாடினர். அவர் சொல்லில் ஒரு பக்கச் சார்பு இராது என்பதை யாவரும் அறிந்திருந்தனர். 1908ஆம் ஆண்டில் மனைவியார் காலமான பின்னர் அவரது உடல்நலமுங் குன்றிற்று. 1911ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 20ஆம் திகதி, தமது அறுபத்தைந்தாவது வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஹான்ஸ்வேத் பகுதியிலுள்ள புனித மரியாள் ஆலய வளவில் அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. நீராவி இயந்திரத்தைச் செப்பஞ் செய்த ஜேம்ஸ் வாட் என்பவரும் அவ்வாலயத்திலேயே துயில்கின்றார். ஒருவர் தந்த விசை ஊர்களை இணைக்கும் புகைவண்டிக்கு வழி வகுத்தது. மற்றவர் தந்த நியதி அப்புகைவண்டியேறிச் சென்று ஆடும் ஆட்டத்துக்கு ஒழுங்கு வகுத்தது. 2009ஆம் ஆண்டில் வில்லா மைதானத்தின் வெளியே மக்கிறெகருக்கு ஓர் உருவச்சிலை எழுப்பப்பட்டது. 1992இல் முதற்பிரிவுக் கழகங்கள் பிரிந்து சென்று தமக்கெனப் பிறிதோர் அமைப்பை வகுத்துக்கொண்டன. அங்கும் நடைபெறுவது அவர் வகுத்த முறையே.

நாம் கொள்ளத்தக்கது

மக்கிறெகர் புதிய விளையாட்டு எதனையும் கண்டுபிடித்தாரல்லர். இசைந்த நாளில், இசைந்த இடத்தில், முழுப் பலத்துடன் வந்து நிற்கவேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. தோல்வி உறுதி எனத் தெரிந்த நாளிலும் வரவேண்டும். மழை தூறும் நாளிலும் வரவேண்டும். பார்க்க வருவோர் சிலரேயாயினும் வரவேண்டும். சொன்ன சொல் காத்தல் என நம் முன்னோர் போற்றிய அறம் இதுவன்றி வேறென்ன? அந்த அறத்தையே அவர் ஓர் அட்டவணையாக எழுதி வைத்தார். இன்று உதைபந்தாட்டத்தில் மட்டுமன்றி, எம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்திலும் பிற ஆட்டங்களிலும், உலகின் எத்திசையிலும் அவ்வட்டவணை வழங்குகின்றது.

எங்கள் கிராமங்களில் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் ஒன்றையொன்று பற்றி வளர்ந்தவை. அவற்றுள் எத்தனை கழகங்கள் திறமை மிக்க ஆட்டக்காரர் இருந்தும் தளர்ந்து போயின! ஆட்டக்காரர் இன்மையால் அழிந்த கழகங்களைக் காட்டிலும், நாட்குறித்து அழைப்பவரும் கணக்கெழுதுபவரும் கோடு கீறுபவரும் இன்மையால் அழிந்தவையே மிகுதி. பாடசாலை அணியில் இடம்பெறாத மாணவன் தனக்கு விளையாட்டில் வேலையில்லை என எண்ணிச் சோர்வடைதல் வேண்டா. மைதானத்தின் ஓரத்தில் நின்றவாறே ஆட்டத்துக்கு அடித்தளம் இட்ட ஒருவரின் கதையை அவன் நினைவிற் கொள்வானாக.

ஒரு கல்லூரி பல்லாண்டு நிலைத்து விழாக் கொண்டாடுவதும் இவ்வகையினதே. மேடையிற் பரிசு பெற்றோரை மலர்கள் நினைவுகூரும். நாள்தோறும் மணியடித்தவுடன் வகுப்பிற்கு வந்து நின்ற ஆசிரியரையும், மாதந்தவறாது சங்கக் கூட்டத்துக்கு வந்தமர்ந்த பழைய மாணவரையும், எவருங் கூறாமலே மைதானத்தைச் செப்பனிட்ட பணியாளரையும் அம்மலர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அத்தகையோரை எண்ணிப் பார்ப்பதற்குப் புடைவை வணிகர் வில்லியம் மக்கிறெகரின் வாழ்வு எமக்கு ஒரு தூண்டுகோலாகுக.